கல்லறைமேல் வைக்கப்படும் காசை எடுக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மூணாறு அருகே தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கிறோம். கங்காணியாக இருந்து மறைந்த எங்கள் தாத்தாவின் கல்லறைமேல், ஒவ்வோராண்டும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று யாரோ ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை வைத்துவிட்டுச் செல்கிறார்கள்; சில நாணயங்கள் உருகி வழிந்த மெழுகில் பாதி புதைந்து, சிலுவையின் அடியில் ஒட்டிக் கிடக்கின்றன.

இறந்தவர் நெற்றியில் காசு வைப்பதும் வாய்க்கரிசியோடு சில்லறை போடுவதும் நாம் அறிந்தவையே. ஆனால், அடக்கத்திற்குப் பின் கல்லறைமேல் வைக்கும் வழக்கத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. யூதர்கள் சிறு கல்லை வைப்பார்கள். அமெரிக்காவில் படைவீரர் கல்லறைகளில், வந்துசென்றதற்கு அடையாளமாக நாணயம் வைப்பார்கள். பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் கல்லறைமேல் மக்கள் வீசிய காசுகளால் பளிங்குக்கல்லே சேதமுற்றது. (எங்களுடையது வெறும் சிமென்ட் பூச்சு.)

வண்டிப்பெரியாறு, பீர்மேடு, மறையூர்ப் பகுதிகளில் இவ்வழக்கம் உண்டா, உண்டெனில் எந்த உறவுக்காரர் வைப்பார் என்பதைத் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன். அக்காசைக் கோயில் உண்டியலில் சேர்த்தால் வைத்தவர் மனம் நோகுமோ என்று அம்மா தயங்குகிறார். பூச்சு பெயராமல் மெழுகை அகற்றும் வழியையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.