கிளாஸ்கோவில் கப்பல் கட்டிய வரலாற்றைப் பார்க்க எந்த மியூசியம்?

கடலாடி:
செப்டம்பரில் கிளாஸ்கோவில் இரண்டு நாள் தங்குகிறோம், எட்டு வயதுப் பையனும் வருகிறான். ஓவியங்களில் அவ்வளவு நாட்டமில்லை. கிளைடு ஆற்றங்கரையில் கப்பல்களை எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். ரிவர்சைடு மியூசியம் மட்டும் போதுமா?

நங்கூரம்:
போதாது. அங்கே கப்பல் மாதிரிகள் நிறைய உண்டு, ஆனால் பலவற்றை நகரும் பட்டையில் ஓடவிட்டிருக்கிறார்கள். ஒன்றைக் கூர்ந்து பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கார்களையும் சுவரில் அடுக்கி மாட்டியிருப்பதால் மேலே உள்ளவற்றின் உட்புறம் தெரியாது. கட்டட அழகுக்காகக் காட்சிப்பொருளை இப்படிப் பலிகொடுத்தது சரியே இல்லை. 1945இல் இதே ஊரில் தென்னாப்பிரிக்க ரயில்வேக்காகச் செய்த 3007 நீராவி எஞ்சின் மட்டும் தரையில் முழுசாக நிற்கிறது, பையனுக்கு அதைக் காட்டுங்கள்.

வாசலில் ஆற்றில் நிற்கும் கிளென்லீ, 1896இல் போர்ட் கிளாஸ்கோவில் கட்டிய மூன்று பாய்மர எஃகுக் கப்பல். சரக்கு அறை வரை இறங்கலாம். கப்பலை முதலில் முடித்துவிட்டு மியூசியத்துக்குள் போங்கள்.

பாய்மரம்:
முதல் நாளை இப்படி வையுங்கள். காலையில் கெல்வின்குரோவ் மியூசியம். பகல் 1 மணிக்கு (ஞாயிறன்று 3 மணிக்கு) அங்குள்ள பெரிய ஆர்கன் என்ற இசைக்கருவியை வாசிப்பார்கள், அரை மணி நேரம். பிறகு கெல்வின்ஹாலில் சப்வே ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கோவன். அங்கே பழைய கோவன் தேவாலயத்தில் வைக்கிங் காலத்து ஹாக்பேக் (பன்றி முதுகு போல வளைந்த) கல்லறைக் கற்கள் ஐந்து இருக்கின்றன. பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்தை 1970களில் இடித்தபோது, மதில் ஓரம் கிடந்த செதுக்கிய கற்களும் இடிபாட்டோடு போய்விட்டதாக நம்பினார்கள். 2019இல் ஒரு பள்ளி மாணவர் மண்ணைக் கிளற, சில கற்கள் திரும்பக் கிடைத்தன.

அங்கிருந்து 2024இல் திறந்த நடைபாலம் வழியாக ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் ரிவர்சைடு. அது பெரிய கப்பலுக்கு வழிவிடத் திரும்பும் பாலம், அந்த நேரத்தில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

கெல்வின்குரோவும் ரிவர்சைடும் இலவசம், 5 மணிக்கு மூடும். வெள்ளி, ஞாயிறு 11 மணிக்குத்தான் திறக்கும், மற்ற நாள் 10. வெள்ளி, ஞாயிறானால் கெல்வின்குரோவில் நேரத்தைச் சுருக்குங்கள். தேவாலயம் பிற்பகலில் சில மணி நேரமே திறந்திருக்கும், போகுமுன் நேரத்தைச் சரிபாருங்கள்.

துடுப்பு:
நீங்கள் கேட்ட 'எப்படிக் கட்டினார்கள்' என்பதற்கு விடை டம்பார்டனில் இருக்கிறது. இரண்டாம் நாளை டென்னி சோதனைத் தொட்டிக்கு ஒதுக்குங்கள். கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம்.

தொட்டி சுமார் 100 மீட்டர் நீளம், 1880களில் கட்டியது. வணிகக் கப்பல் கட்டும் தளம் ஒன்று தனக்கென அமைத்துக்கொண்ட முதல் தொட்டி இதுதான். பாரஃபின் மெழுகை உருக்கி வார்த்து, கப்பலின் அடிப்பகுதியைச் சிறிய அளவில் செதுக்குவார்கள். தண்டவாளத்தில் ஓடும் வண்டி அதைத் தண்ணீரில் இழுத்துப் போகும், தண்ணீரின் எதிர்ப்பு எவ்வளவு என்று அளப்பார்கள். வடிவம் சரியில்லையென்றால் மெழுகைச் சீவிவிட்டு மறுபடி ஓட்டலாம், மரமானால் புதிதாகவே செய்ய வேண்டியிருக்கும். எஃகை வெட்டிய பிறகு பிழை தெரிந்தால் தளத்துக்குப் பெருநஷ்டம் அல்லவா, அதற்குத்தான் இத்தனை பாடு.

கடலாடி:
மெழுகு மாதிரிகள் இப்போதும் அங்கே இருக்கின்றனவா?

துடுப்பு:
இருக்கின்றன. வார்க்கும் களிமண் அச்சுப்பெட்டியையும் செதுக்கும் இயந்திரத்தையும் பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போங்கள், அப்போதுதான் வரிசை புரியும்.