டயல் திருகினால் கவசம் பொருந்திவிடுமா?

திருகாணி:
விளையாட்டில் போடும் ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், முழங்கால் பேட் எல்லாமே போடுபவரின் உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வகையில்தான் வர வேண்டும் என்பது என் கட்சி. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சைஸ் போட்டுவிட்டு, இடையில் இருப்பவர்களை யாருமே கண்டுகொள்வதில்லை. ஆண் உடம்பை அளவெடுத்துச் செய்த நெஞ்சுக் கவசத்தைத்தான் பெண்களும் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வளர்கிற பிள்ளைக்கோ 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம், அது ஓடும்போது லொடலொடக்கிறது. பனிச்சறுக்குக் காலணிகளில் மெல்லிய கம்பியை இழுத்து இறுக்கும் டயல் வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைக் கவசங்களில் தாராளமாகப் பயன்படுத்த என்ன தயக்கம்?

பலகைமுட்டி:
தயக்கம் இருக்கிறது சகோ. சைக்கிள் ஹெல்மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டயலைத் திருகினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம்தான் சுருங்கும். அடியை வாங்கி நசுங்கி உங்களைக் காப்பாற்றுகிற தெர்மோகோல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். பெரிய தலைக்கான ஓட்டில் சின்னத் தலை வளையத்தின் பிடியில் தொங்கும். பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம். விழும்போது ஹெல்மெட் சுழன்று நெற்றி வெளியே வந்துவிடும். அண்ணன் சட்டையைத் தம்பிக்கு ஊக்கு குத்திப் போட்டுவிடுகிற கதைதான் இது.

ஐரோப்பிய சைக்கிள் ஹெல்மெட் தரமான ஈஎன் 1078-ல் சோதனைக்கான பொம்மைத் தலைகளே சுமார் 50 செ.மீ. சுற்றளவில் தொடங்கி 62 வரை பல அளவுகளில் இருக்கின்றன. ஒரே ஹெல்மெட்டை எல்லாத் தலைக்கும் இழுத்துக் கட்டலாம் என்றால் இத்தனை தலை எதற்கு? இன்னொன்று, டயல் சுற்றளவைக் குறைக்கும், அவ்வளவுதான். உருண்டைத் தலை, நீளவாட்டுத் தலை என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

திருகாணி:
அது மோசமான வடிவமைப்பின் குற்றம், டயலின் குற்றம் இல்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு: அசௌகரியமான கவசத்தை ஆட்டக்காரர் கழற்றி வைத்துவிடுவார். 2019 லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டதே, அப்போது அவர் ஹெல்மெட்டில் கழுத்துக் கவசம் இல்லை. போட்டால் அடைபட்டது போல இருக்கிறது என்றார். உலகத்தரப் பொருளாக இருந்து என்ன, போடாவிட்டால் பூஜ்யம்தானே.

பலகைமுட்டி:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் வேகப்பந்தை எதிர்கொள்ளும்போது கழுத்துக் கவசம் கட்டாயம் என்றது. கழுத்துக் கவசத்தைப் போட வைத்தது விதி, திருகு இல்லை.

கிரிக்கெட் பற்றி எடுத்ததால் சொல்கிறேன். 2014 மான்செஸ்டர் டெஸ்டில் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார். இந்தியாவின் வருண் ஆரோன் வீசிய பந்து ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கும் முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பிக்கும் நடுவே புகுந்து மூக்கை உடைத்தது. பல பழைய ஹெல்மெட்களில் அந்த இடைவெளியை ஆட்டக்காரரே அகலப்படுத்திக்கொள்ளலாம், பார்வை நன்றாக இருக்கும் என்று. கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 7928-ன் 2013 பதிப்பு கம்பியை நோக்கிப் பந்தைச் செலுத்தி, அது உள்ளே நுழைகிறதா என்று சோதிக்கிறது. எங்கே மாற்றம் கூடாதோ அங்கே பூட்டிவிட வேண்டும்.

வெல்க்ரோவிரோதி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முழங்கால் பிரேஸ், அதாவது மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு, பொருத்துவது என் வேலை, அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடை மேலே பருத்து கீழே மெலிந்த கூம்பு. அதில் எந்தப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் நாலு ஓட்டத்தில் கீழே வழுக்கும். பிரேஸ் முதலில் உட்கார வேண்டிய இடம் கெண்டைக்கால் சதையின் மேல்விளிம்பு. அந்தப் பட்டையை முதலில் கட்ட வேண்டும், தொடைப் பட்டை அப்புறம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மேலே இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இதைவிடத் தொல்லை, பிரேஸ் மடங்கும் இடத்தில் உள்ள கீல். முழங்கால் மடங்கும்போது அதன் அச்சு ஒரே இடத்தில் நிற்காது, நகரும். பிரேஸின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதி வைத்துவிட்டு, கீல் மூட்டுக்கு நேராக வருகிறதா என்று பார்க்காவிட்டால், ஒவ்வொரு மடக்கிலும் பிரேஸ் காலோடு சண்டை போடும். மாற்றுவதற்குரிய இடங்களைக் கூட்டக் கூட்டத் தப்பாகக் கட்டுவதற்கான வழிகளும் கூடுகின்றன. வெல்க்ரோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புல், பஞ்சு, முடி எல்லாம் அடைந்து, பாதி சீசனில் பிடிப்பே போய்விடும்.

திருகாணி:
அப்படியானால் தானாகவே உடம்புக்குப் படிகிற பொருள்? மெதுவாக அழுத்தினால் வளைந்து கொடுத்து, வேகமாக அடித்தால் விறைக்கும் ரகங்கள் இருக்கின்றனவே. அதில் திருகவும் வேண்டாம், பட்டையும் குறைவு.

பலகைமுட்டி:
முழங்கை, முன்கால் கவசத்துக்கு நல்ல பொருள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவற்றில் பல குளிரில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். அதோடு 'தானாகப் படிவது' என்றாலே எனக்கு வெந்நீரில் போட்டுக் கடிக்கும் பல் கவசம்தான் ஞாபகம் வருகிறது. அழுத்திக் கடிக்கும்போது பல் படும் இடத்தில் ரப்பர் பிதுங்கி மெலிந்துவிடும். அடி விழுகிற இடத்திலேயே தடிமன் போச்சு. பல் மருத்துவர் அச்சு எடுத்துச் செய்து தருவதில் தடிமனைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்த முடிகிறது.

திருகாணி:
ஆளுக்கொரு அச்சு எடுப்பது வளர்கிற பிள்ளைக்கு எப்படிச் சரிவரும்? ஆறு மாதத்தில் தாடையே மாறிவிடும். சரி, இப்படிப் பார்க்கலாம். ஓடு நாலு அளவு. ஒவ்வொன்றிலும் டயல் 3 செ.மீ.க்கு மேல் நகராதபடி ஒரு தடுப்பு. அடி தாங்கும் பகுதியைத் தொடவே முடியாது. இதில் என்ன குறை?

வெல்க்ரோவிரோதி:
3 எதற்கு, 2 போதும். மேலே போனால் அடுத்த அளவு ஓடு எடுக்கச் சொல்லுங்கள்.

பலகைமுட்டி:
இது பரவாயில்லை, ஆனால் சோதனை எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆய்வகத்தில் விவரம் தெரிந்தவர் கச்சிதமாகக் கட்டி அடித்துப் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். வியர்வையோடு, கையுறை போட்ட கையால், பதினைந்து வயதுப் பையன் ஒருவனைத் தானே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவன் டயலை எந்த இடத்தில் விட்டானோ அதே இடத்தில் வைத்து, பொம்மைத் தலையில் மாட்டி அடியுங்கள். அந்தக் கணக்கோடு வாருங்கள், டயல் வேண்டுமா வேண்டாமா என்று அப்போது பேசலாம்.