கால்மன் ஃபில்டரில் ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கொண்டே போகிறது, ஃப்ளக்ஸ் இறங்குகிறது

இளமின்னி:
வணக்கம். ரோட்டார் மேற்பரப்பில் காந்தம் ஒட்டிய சிங்க்ரனஸ் மோட்டார், 4 ஜோடி துருவம், 300 வோல்ட் டிசி பஸ், 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங். எக்ஸ்டெண்டட் கால்மன் ஃபில்டரில் (அளவீட்டையும் மோட்டார் மாடலையும் சேர்த்துத் தெரியாத மதிப்புகளைக் கணிக்கும் முறை) ஸ்டேட்டர் ரெசிஸ்டன்ஸையும் காந்த ஃப்ளக்ஸையும் கூடுதல் ஸ்டேட்டாக (ஃபில்டர் கணிக்க வேண்டிய மதிப்பாக) சேர்த்திருக்கிறேன். 1000 ஆர்பிஎம்மில், க்யூ அச்சில் (டார்க் தரும் திசை) 2 ஆம்பியர், டி அச்சில் (காந்தத்தின் திசை) பூஜ்ஜியம் என்று நிலையாக ஓடவிட்டால் ரெசிஸ்டன்ஸ் 0.8 ஓமிலிருந்து மெல்ல நகர்ந்து 2.3க்குப் போய்விடுகிறது, ஃப்ளக்ஸ் 0.080 வெபரிலிருந்து 0.073க்கு இறங்குகிறது. ஆனால் கரண்ட் எரர் (அளந்ததற்கும் ஃபில்டர் கணித்ததற்கும் உள்ள வித்தியாசம்) கிட்டத்தட்ட பூஜ்ஜியம்! ஒரு வாரமாக நாய்ஸ் மேட்ரிக்ஸை (மாடலை எவ்வளவு, அளவீட்டை எவ்வளவு நம்புவது என்ற அமைப்பை) மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டது. மோட்டார் சூடாகிறதோ?

பழைய_வின்டர்:
சூடு இல்லை தம்பி. செம்பு 10 டிகிரி ஏறினால் ரெசிஸ்டன்ஸ் 4 சதவீதம் போலத்தான் கூடும், 2.3 ஓம் ஆவதற்குள் வின்டிங் கருகியிருக்கும். உங்கள் எண்களையே பெருக்கிப் பாருங்கள்: கூடின 1.5 ஓமுக்கு 2 ஆம்பியரில் 3 வோல்ட், குறைந்த 0.007 வெபருக்கு அந்த வேகத்தில் (4 ஜோடி துருவத்துக்கு நொடிக்கு 419 மின் ரேடியன்) அதே 3 வோல்ட். ஒன்று தின்றதை இன்னொன்று ஈடுகட்டுகிறது, எரர் எப்படித் தெரியும்? க்யூ அச்சில் ஒரே சமன்பாடு, தெரியாதது இரண்டு. டி அச்சில் கரண்ட் இல்லாததால் அங்கே ரெசிஸ்டன்ஸ் தலையே காட்டாது. கால்மன் என்ன, லூயன்பெர்கர் (இதேபோல் கணிக்கும் இன்னொரு முறை) என்ன, யார் வந்தாலும் பிரிக்க முடியாது. டி அச்சில் சின்னதாக ஒரு கரண்ட் படி (திடீர் மாற்றம்) கொடுங்கள். மேற்பரப்புக் காந்தம் என்பதால் டார்க் அசையாது, ஆனால் டி அச்சு வோல்ட்டேஜ் நகரும் அளவே ரெசிஸ்டன்ஸைச் சொல்லிவிடும்.

டெட்டைம்:
அவர் சொன்னது சரி, ஆனால் படி கொடுத்தாலும் எண் தப்பாக வரலாம். ஃபில்டருக்குள் போவது அளந்த வோல்ட்டேஜா, கட்டளை வோல்ட்டேஜா (இன்வெர்ட்டரிடம் கேட்டது)? கட்டளை என்றால், 2 மைக்ரோசெகண்ட் டெட் டைமுக்கே (இன்வெர்ட்டரின் ஒரு ஸ்விட்ச் அணைந்து ஜோடி ஸ்விட்ச் இயங்கும் வரை இரண்டும் அணைந்திருக்கும் இடைவெளி) 300 வோல்ட் பஸ்ஸில் பேஸுக்கு 6 வோல்ட் காணாமல் போகும். நீங்கள் தேடுவதோ 1.6 வோல்ட் (0.8 ஓம், 2 ஆம்பியர்)!

இளமின்னி:
கட்டளைதான். டெட் டைமும் 2 மைக்ரோசெகண்ட்தான்...

டெட்டைம்:
அப்ப முதலில் மோட்டாரை ஓட்டாமல் 1, 2, 3 ஆம்பியர் டிசி விட்டு வோல்ட்டேஜுக்குக் கோடு போடுங்கள். சாய்வு ரெசிஸ்டன்ஸ், பூஜ்ஜியத்தில் மிச்சம் நிற்பது இன்வெர்ட்டரின் வேலை. அதைக் கழித்துவிட்டு ஃபில்டரைத் தொடுங்கள்.

இளமின்னி:
கோடு போட்டேன், சாய்வு 0.84. கழித்துவிட்டு, டி அச்சில் 0.5 ஆம்பியர் படியும் சேர்த்து ஓட்டினால் 0.9 பக்கத்தில் நிற்கிறது, ஃப்ளக்ஸ் 0.079. படியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் மறுபடி நழுவுகிறது, அதனால் படி இல்லாத நேரத்தில் அந்த இரண்டு ஸ்டேட்டையும் உறைய வைத்துவிட்டேன்.