மிஸ்ட்ரையல் என்றால் விடுதலை என்றுதான் நானும் நினைத்தேன்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மூன்றாம் வருஷமே ஜூரி டியூட்டிக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, அழைப்பு வந்தது. வழிப்பறி வழக்கு. நாலு நாள் சாட்சி விசாரணை முடிந்ததும் எங்கள் 12 பேரையும் ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். முதல் ஓட்டெடுப்பில் குற்றவாளி என்று 8 பேர், இல்லையென்று 4 பேர். மறுநாள் மத்தியானம் அது 10க்கு 2 ஆனது. அந்த இரண்டில் நானும் ஒருத்தன். இருட்டில், ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து முகத்தைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னது எனக்கு ஒட்டவே இல்லை.

எங்களுக்குத் தலைவராக இருந்த அம்மா, மஞ்சள் தாளில் "ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை" என்று எழுதி, கதவைத் தட்டிக் காவலரிடம் கொடுத்தார். நீதிபதி கூப்பிட்டு, இன்னொரு தடவை பேசிப் பாருங்கள், ஆனால் மனசுக்குப் படாததை ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றார். 1896-ல் ஆலன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அறிவுரை இது. வக்கீல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் டைனமைட்! திரும்பி அறைக்குள் போனதும் பத்து ஜோடிக் கண்களும் எங்கள் இருவர் மேல்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நீதிபதி மிஸ்ட்ரையல் என்று அறிவித்தார். குற்றம் சாட்டப்பட்டிருந்த பையனின் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பையனைப் பக்கவாட்டுக் கதவு வழியாக மறுபடி உள்ளே கூட்டிப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. விசாரணைதான் கலைந்தது, வழக்கு அப்படியே நிற்கிறது.

*

நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். நான் பார்த்தது வேறு மாதிரி. ஒரு காவலர் சாட்சிக் கூண்டில், "இவர் ஏற்கெனவே ஜெயிலில் இருந்தவர்" என்று உளறிவிட்டார். ஜூரி காதில் விழக்கூடாது என்று முன்பே உத்தரவு போட்டிருந்த விஷயம். "அதை மறந்துவிடுங்கள்" என்றால் யார் மறப்பார்கள்? குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் கேட்டதும் நீதிபதி விசாரணையைக் கலைத்துவிட்டார்.

*

ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை விசாரிக்கக் கூடாதே, கலைந்த பிறகு மறுபடி எப்படி விசாரிப்பார்கள்?

*

முதல் விசாரணை தீர்ப்பு வரை போகவில்லையே. ஜூரி முடிவெடுக்க முடியாமல் கலைந்தால் மறுபடி நடத்தலாம் என்று 1824-லேயே பெரெஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பே கலைக்கச் சொல்லிக் கேட்டாலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அவர்களை அப்படிக் கேட்க வைக்கவே அரசுத் தரப்பு வேண்டுமென்று தப்புச் செய்திருந்தால் மறுவிசாரணை கிடையாது (1982, கென்னடி வழக்கு).

*

நம்மூர் வக்கீல் நான். இப்போது ஜூரியே இல்லாததால் இங்கே மிஸ்ட்ரையல் என்ற சொல்லுக்கு வேலையில்லை. முன்பு ஜூரி இருந்தபோது, 1959-ல் கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் ஜூரி 8க்கு 1 என்று குற்றமற்றவர் என்றது. அதை ஏற்காமல் செஷன்ஸ் நீதிபதி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை. இப்போது விசாரணையில் பெரிய கோளாறு என்றால் அப்பீலில் தீர்ப்பை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்புவார்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் சார்?

*

மறுபடி விசாரணை நடக்கவில்லை. சின்னக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். அவன் உண்மையிலேயே செய்தானா, இன்னொரு 12 பேருக்குப் பயந்து ஒப்புக்கொண்டானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.