நண்டு வலையா, தொழில் நிறுத்தமா: கணக்குப் பார்க்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் நீலக்கால் நண்டு பிடிக்கும் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில், சிறு நண்டுகள் தப்பிப் பெருகும்படி வலையின் கண்ணளவை (துளையின் அளவை)ப் பெரிதாக்குவதா அல்லது ஆண்டில் சில வாரங்கள் தொழிலை நிறுத்துவதா என்ற பேச்சு நடக்கிறது. கண்ணளவை மாற்றினால் புதுவலைச் செலவு பெரும்பாலும் படகுக்காரரோடு முடிந்துவிடும். தொழிலை நிறுத்தினாலோ, கரையில் வலையிலிருந்து நண்டைக் காலுடையாமல் கழற்றி நாட்கூலி பெறும் பெண்களின் வீட்டு அடுப்பும் எரியாது. எனக்குக் கண்ணளவே மேலெனப் படுகிறது. ஆயினும் கண்காணிப்புச் செலவு சிறிதன்று: கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழில் 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டும் முற்றாக நின்றபாடில்லை. இன்று தப்பவிடும் நண்டின் பயன் பின்னரே கிடைக்கும் என்பதால், அதை எந்த வீதத்தில் கழித்து இன்றைய பெறுமதியாக்குவது, கூலிப் பெண்களின் இழப்பை எவ்வாறு சேர்ப்பது என்பதை அறிந்தவர்கள், இயன்றால் மாதிரிக் கணக்கொன்றோடு, விளக்கி உதவுங்கள்.