காயக்கில் மீன்காட்டும் கருவி: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

மஞ்சூர் துடுப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் குந்தா பக்கத்து நீர்த்தேக்கங்களில், மீன்வளத் துறையின் உரிமமும் அணைக்கும் காட்டுக்கும் பொறுப்பானவர்களின் அனுமதியும் கிடைக்கும் இடங்களில் மட்டும், காயக்கிலிருந்து தூண்டில் போட்டு வருகிறேன். என்னுடையது மேலே அமர்ந்து துடுப்புப் போடும் வகையைச் சேர்ந்த பத்தடி பாலிஎத்திலீன் காயக். நடுவில் ஒரு மூடி இருப்பதால் உட்புறத்துக்குள் கையை நுழைக்க முடியும். பெரும்பாலும் சாதாக் கெண்டையையும், வாய்ப்புள்ள இடங்களில் டிரவுட்டையும் தேடுகிறேன்.

ஃபிஷ் ஃபைண்டர் ஒன்று வாங்க முடிவு செய்துவிட்டேன். ஐந்து அங்குலத் திரை போதுமா? டிரான்ஸ்டியூசரை (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகத்தை) அடிப்பாகத்தில் துளை போடாமல் பொருத்த முடியுமா? பேட்டரி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? மலை நீர்நிலைகளில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோத்தகிரி ஆழம்

வணக்கம் நண்பரே. ஐந்து அங்குலம் தாராளமாகப் போதும். காயக்கில் திரை உங்கள் முழங்காலுக்கு அருகில்தான் இருக்கப் போகிறது. திரையின் அளவுக்குக் கொடுக்கும் பணத்தை, டிரான்ஸ்டியூசர் ஒலியை எவ்வளவு அகலமாக விரிக்கிறது என்பதைப் பார்த்துச் செலவிடுங்கள். 200 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பல கருவிகளில் ஒலிக்கூம்பு ஏறத்தாழ 20 டிகிரி விரிகிறது. அப்படியானால் 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தைத்தான் அது பார்க்கிறது. 60 டிகிரி விரியும் கூம்பு, அதே ஆழத்தில் பதினொன்றரை மீட்டர் விட்டத்தை அள்ளிக்கொள்கிறது. சமவெளி ஏரியில் இந்த அகலம் நன்மைதான். நம்முடைய தேக்கங்களோ தண்ணீரில் மூழ்கிய பள்ளத்தாக்குகள். சரிவின் மேற்பகுதியில் பட்ட ஒலி முதலில் திரும்பிவிடுவதால், அகலமான கூம்பு அந்தக் குறைந்த ஆழத்தையே தரை என்று வரைகிறது. அதற்குக் கீழே சரிவை ஒட்டி நிற்கும் மீன் அத்தனையும் தரையின் தடித்த கோட்டுக்குள் மறைந்துபோகும். ஆகவே குறுகிய கூம்பு உள்ளதை, அல்லது இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

திரையில் வரும் மீன் பொம்மைகளை அணைத்துவிடுங்கள். நீர்க்குமிழியையும் மரக்கிளையையும்கூடக் கருவி மீனாக வரைந்துவிடும். படகு நகரும்போது மீன் ஒரு வளைவாகத் தெரியும். படகும் மீனும் அசையாமல் நின்றால் அதே மீன் நீண்ட கோடாகத் தெரியும். கெண்டைக்கு உண்மையில் உதவுவது தரையைப் படிக்கும் பழக்கம்தான். 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் சேற்றைக் கிளறி மேய்வது. பாறைத் தரை பளிச்சென்று தெரியும். ஆழம் குறைவான இடத்தில் அதற்குக் கீழே இரண்டாவது எதிரொலியும் விழும். சேற்றுத் தரை மங்கலாகத் தெரியும். அந்த மங்கலான திட்டுகளைத் தேடிப் போங்கள்.

ஜிபிஎஸ் இருந்தால், தானே ஆழக்கோடு (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரையும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்டு மூன்றிலும் அத்தகைய மாடல்கள் உண்டு. ஆனால் இவை மின் உற்பத்திக்கான தேக்கங்கள் என்பதால் நீர்மட்டம் ஏறி இறங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய ஊர் இது. கோடையில் வரைந்த கோடு ஆடியில் அப்படியே பொருந்தாது. வரைந்த அன்று நீர்மட்டம் எங்கே இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

கொடைக்கானல் கரை

துளை போடத் தேவையே இல்லை. ஒற்றை அடுக்குப் பாலிஎத்திலீன் வழியாக ஒலி நன்றாகவே ஊடுருவும். இடையில் காற்று இருந்தால்தான் ஒலி கிட்டத்தட்ட முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது. எனவே இந்த வேலை முழுவதும் காற்றை வெளியேற்றும் வேலையே.

முதலில், நீங்கள் அமர்ந்திருக்கும்போது எப்போதும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தட்டையான இடமாகப் பாருங்கள். உள்ளே நுரைப்பலகை இருக்கும் இடமாக அது இருக்கக் கூடாது. அங்கே உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை வெறுமனே அதில் வைத்து, ஆழம் சரியாக வருகிறதா என்று சோதியுங்கள். பிறகு அதையே வெளியே நேரடியாகத் தண்ணீரில் பிடித்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் இடம் உறுதி. பாலிஎத்திலீனில் பசைகள் எளிதில் ஒட்டுவதில்லை. அதனால் உப்புக்காகிதத்தால் மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, ரப்பர் செருப்பின் அடிப்பகுதி போன்ற நுரைத் துண்டில் ஒரு சதுரச் சுவர் வெட்டி, படகுகளுக்கான பசையால் ஒட்டுங்கள். சுவருக்குள் வாசலின் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாக அழுத்துங்கள். அப்போதுதான் அடியில் இருக்கும் காற்று ஓரமாக வெளியேறும். தேவைப்பட்டால் பின்னாளில் கழற்றிவிடவும் முடியும்.

அவலாஞ்சி நீரோடை

மேலே சொன்ன முறை கெண்டைக்குச் சரி. டிரவுட்டும் தேடுபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே ஒட்டிய டிரான்ஸ்டியூசர் காட்டும் வெப்பநிலை தண்ணீருடையது அன்று, படகின் உடலுடையது; அது தண்ணீரின் மாற்றத்தைத் தாமதமாகவே பின்தொடரும். ஓடை வந்து சேரும் இடத்தில் தண்ணீர் ஓரிரு டிகிரி குளிர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் டிரவுட்டுக்கு முதல் தடயம். 20 டிகிரியைத் தாண்டிய நீரில் அந்த மீன் சோர்ந்துவிடும். மேலும், 455, 800 கிலோஹெர்ட்ஸில் வரும் நுட்பமான படம் பிளாஸ்டிக் வழியாகச் சென்றால் தெளிவிழந்துவிடுகிறது.

இருக்கைக்குச் சற்றுப் பின்னால், துடுப்பு வீச்சில் படாத பக்கவாட்டில், மடக்கித் தூக்கக்கூடிய அலுமினியக் கை ஒன்றைப் பொருத்துங்கள். டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தரைக்குச் செங்குத்தாகப் பார்த்தபடி இருக்கட்டும். மூழ்கிய மரக்கட்டைகள் உள்ள இடம் வந்தால் தூக்கிவிடலாம். கழன்றாலும் போய்விடாமல் இருக்க மெல்லிய கயிறு ஒன்றால் கட்டிவிடுங்கள். கேபிள் நீளமாக இருக்கிறது என்று வெட்டிவிட வேண்டாம். சுருட்டிக் கட்டி வையுங்கள். தண்ணீரில் விழுந்தால் திரும்ப ஏறும் பக்கத்தில் திரையையோ அலுமினியக் கையையோ வைக்கவும் கூடாது. இந்தக் குளிர்நீரில் லைஃப் ஜாக்கெட்டுடன்கூட விரைவாக ஏறியாக வேண்டும்.

மஞ்சூர் துடுப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிரவுட்டை விட மனமில்லாததால் அலுமினியக் கையையே பொருத்தப் போகிறேன். பேட்டரி பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று வீட்டில் இருக்கிறது.

கோத்தகிரி ஆழம்

அதுவே வேலை செய்யும். ஐந்து அங்குலக் கருவி ஏறத்தாழ அரை ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஈய பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்து ஏழு மணி நேரம் ஓட்டலாம். எடைதான் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். அதே கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். அதன் பெரும்பகுதியைச் செலவழித்தாலும் கெடாது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் ஏற்படும். மார்கழி, தை மாத உறைபனிக் காலத்தில் வெளித் திண்ணையில் வைத்துச் சார்ஜ் போடாமல், வீட்டுக்குள் கொண்டுவந்து, தொட்டுப் பார்த்தால் குளிர் விட்ட பிறகு போடுங்கள்.

ஃபியூஸை பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் வையுங்கள். எத்தனை ஆம்பியர் என்பதைக் கருவியின் கையேட்டில் உள்ளபடி போடுங்கள். மின்கம்பியையும் டிரான்ஸ்டியூசர் கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டாமல் எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டுபோனால் திரையில் இரைச்சல் குறையும். நம்முடைய மூடுபனியில் இணைப்பு முனைகள் பச்சை பிடித்துவிடும். மின் இணைப்புக்கான கிரீஸைக் கொஞ்சம் தடவி வையுங்கள்.