வார்ப்புறை, முட்டணி, தொடுபரப்பு: சட்டர் வேலை மதிப்பீட்டுக்கான சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

கொங்கிறீற்று இறுகும்வரை அதை வடிவில் பிடித்து நிற்கும் தற்காலிகப் பலகை அமைப்புக்குக் கட்டட வேலையில் வழங்கும் ‘சட்டரிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்ற கேள்விக்கு அச்சுவேலை, வார்ப்புப்பெட்டி, வார்ப்பணை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் பொருளின் தோற்றத்தைப் பார்த்து ஆக்கப்பட்டவை. மட்டக்களப்பில் கட்டட மதிப்பீடு கற்பிப்பவன் என்ற முறையில் இதே கேள்வியைக் கணக்கின் பக்கத்திலிருந்து அணுக விரும்புகிறேன். வேலைத்தலத்தில் இந்தச் சொற்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. மதிப்பீட்டுத் தாளில் அது பணமாக வெளிப்படுகிறது.

ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை எங்கள் பக்கத்து மேசன்மாரும் தச்சுவேலைக்காரரும் ‘சட்டர்’ என்ற ஒரே சொல்லால் குறைந்தது மூன்று பொருளைக் குறிக்கிறார்கள். ‘சட்டர் முந்நூற்றைம்பது சதுர அடி வரும்’ என்றால் அது கூலி பேசுவதற்கான பரப்பு. ‘சட்டர் காணாது, இன்னும் நாலு வாங்க வேணும்’ என்றால் எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் பலகை. ‘சட்டர் கழற்ற இரண்டு கிழமை செல்லும்’ என்றால் பலகை, அதைத் தாங்கும் மரம், கீழே முட்டுக்கொடுத்து நிற்கும் ‘ஜக்’ யாவும் அதில் அடங்கும். பேசுபவரும் கேட்பவரும் ஒரே தளத்தின் கீழ் நிற்கும்போது குழப்பம் எழுவதில்லை. வீட்டுக்காரர் மதிப்பீட்டுத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது, முதலாவது பொருளுக்கு உரிய எண்ணை இரண்டாவதற்கு உரியதாகக் கொண்டு, பரப்பை 32 சதுர அடியால் வகுத்து அத்தனை பலகைக்கும் காசு கட்டிவிடுகிறார். அந்த விடை சில வேளை தேவைக்கு மிஞ்சியும், சில வேளை குறைந்தும் அமைகிறது.

ஓர் அறையைக் கணித்துப் பார்ப்போம். உட்புறம் 4 மீற்றருக்கு 3 மீற்றர். நான்கு மூலையிலும் 225 மில்லிமீற்றர்ச் சதுரத் தூண்கள். பீம் என்று சொல்லப்படும் வளைகள் 225 அகலமும் மேலே வார்க்கும் தளத்தோடு சேர்த்து 375 ஆழமும் கொண்டவை. தளத்தின் தடிப்பு 125. தளத்தின் அடிப்பரப்பு 12 சதுர மீற்றர். வளையின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் அடி 0.225, தளத் தடிப்பைக் கழித்த உட்பக்கம் 0.25, தள விளிம்பையும் சேர்த்த வெளிப்பக்கம் 0.375, ஆக 0.85 சதுர மீற்றர். தூண்களுக்கு இடைப்பட்ட 14 மீற்றருக்கு 11.9. வளையின் அடிமட்டம் வரை 2.7 மீற்றர் உயரமான தூண் ஒன்றுக்கு 2.43, நான்குக்கும் 9.72. மூலைகளில் வளையின் ஆழத்துக்கு எஞ்சும் வெளிமுகங்கள் 0.68. மொத்தம் 34.3 சதுர மீற்றர், ஏறத்தாழ 369 சதுர அடி. கட்டட வேலைகளை அளப்பதற்கான இலங்கைத் தர நியமம் 573 போன்ற அளவை முறைகளில் கொங்கிறீற்றைத் தொடும் இந்தப் பரப்பே அளக்கப்பட்டு விலையிடப்படுகிறது. இதற்குத் ‘தொடுபரப்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். பள்ளிக் கணிதத்தில் தொடலி, தொடுகை ஆகியவற்றைக் கற்று வந்த மாணவருக்கு இது விளக்கமின்றியே புரியும்.

தொடுபரப்பு கொங்கிறீற்றுக்கு உரிய அளவு. பலகையின் அளவு அதிலிருந்து விலகும் இடத்தைத் தூணில் கண்ணால் காணலாம். நான்கு பக்கத்துக்கும் 225 பலகை வெட்டினால் பெட்டி பொருந்தாது. எதிரெதிரான இரண்டு 225 ஆக இருக்க, மற்ற இரண்டும் அவற்றின் ஓரங்களை மூட வேண்டியிருப்பதால், 12 மில்லிமீற்றர்ப் பலகையாயின் 249 ஆக இருக்க வேண்டும். தூணின் சுற்றளவு 900, பலகைகளின் கூட்டகலம் 948. நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட இந்தக் கூடுதலைத் தச்சரின் கவனக்குறைவு என்று எழுதுவது அநியாயம். மூலை மூடுவதற்கு வேண்டிய அகலம் அது. அடுத்து வெட்டு வருகிறது. 1220 அகலமான பலகையிலிருந்து 225 கீலங்கள் ஐந்து எடுத்தால் 95 எஞ்சும். 249 கீலங்கள் நான்கு எடுத்தால் 224 எஞ்சும். வளையின் அடிக்கு வேண்டியது 225. ஒரு மில்லிமீற்றர் குறைவு. வாள் தின்னும் தடிப்பையும் கழித்தால் இன்னும் குறைவு. அந்தத் துண்டு வேறெதற்காவது உதவலாம், வளையின் அடிக்கு உதவாது. உயரத்திலும் 2.44 மீற்றர்ப் பலகை 2.7 மீற்றர்த் தூணுக்கு எட்டாமல் 260 மில்லிமீற்றர் ஒட்டுக் கேட்கிறது.

வெட்டில் வீணாகும் இந்தப் பகுதிக்குக் ‘கழிவு’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. கடைக்காரர் தரும் விலைக்குறைப்பும் கழிவு. கதவு, யன்னல் வெளிகளுக்காக அளவிலிருந்து நீக்குவதும் கழிவு. வேலையின் அளவுகளை வரிசையிடும் கணியப் பட்டியலில் இதே சொல் மூன்றாவது பொருளிலும் வந்தால், கூட்ட வேண்டியதைக் கழித்துவிடும் ஆபத்து உண்டு. நகை செய்வித்த எந்தக் குடும்பத்துக்கும் ‘சேதாரம்’ தெரியும். வெட்டுச் சேதாரம் என்றே எழுதுவோம்.

ஆயினும் பலகையின் எண்ணிக்கையைப் பெருமளவில் மாற்றுவது ஒரே பலகையை எத்தனை வார்ப்புக்கு எடுக்கிறோம் என்பதே. தூணின் பக்கப்பலகையை வழமையாக மறுநாளே கழற்ற முடிகிறது. ஆகவே நான்கு தூண்களையும் இரண்டிரண்டாக வார்த்தால் இரண்டு பெட்டிகள் போதும், 9.72 தொடுபரப்புக்கு வேண்டிய 10.24 சதுர மீற்றர்ப் பலகை 5.12 ஆகக் குறைந்துவிடும். தளத்தின் அடிப்பலகை அப்படியன்று. பொறியியலாளர் குறிக்கும் நாள்வரை, அதாவது ஒரு கிழமையிலிருந்து இரண்டு மூன்று கிழமை வரை, முட்டுகளோடு அது நிற்க வேண்டும். ஓரறைக் கட்டடத்தில் அந்தப் பலகைக்கு இரண்டாவது வேலை கிடைப்பதேயில்லை. தொழிலாளர் இதனை ‘தரம்’ என்கிறார்கள்: ‘இந்தப் பலகை நாலு தரம் போகும்.’ பேச்சில் அழகான சொல்தான். ஆனால் ‘பலகையின் தரம் 4’ என்று அட்டவணையில் எழுதினால் அது மரத்தின் வகுப்பாகிவிடும். ‘மீள்பாவனை 4’ என்றால் முதற்பாவனையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்ற ஐயம் எழுகிறது. முதற்பாவனையையும் உள்ளடக்கிய மொத்த எண்ணிக்கைக்குப் ‘பாவனை எண்’ என்று வரையறுத்துக்கொள்ளலாம். பாவனை என்றால் தமிழக அன்பர்களுக்குப் பாசாங்கு என்ற பொருள் முன்னுக்கு வரும் என்பதை அறிவேன். அவர்கள் பயன்பாட்டு எண் என்று எழுதட்டும். இலங்கையில் அன்றாடம் புழங்கும் சொல்லை விட்டுக்கொடுக்க நான் காரணம் காணவில்லை.

இனி முழு அமைப்பின் பெயருக்கு வருகிறேன். அச்சு என்பதை எங்கள் ஊர்களில் சீமெந்துக் கல் செய்பவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பெட்டி தூணுக்குப் பொருந்தும், பரந்த தளத்துக்குப் பொருந்தாது. வார்ப்பணை எனக்குப் பிடித்திருந்தது, 2.7 மீற்றர்த் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால், இறுகாத கொங்கிறீற்று அடியில் ஏறத்தாழ 64 கிலோபாஸ்கல் அழுத்தத்தோடு வெளியே தள்ளும் என்பதையும், தூண் பெட்டியின் அடிப்பகுதியில் பூட்டுகள் ஏன் நெருக்கமாக அடிக்கப்படுகின்றன என்பதையும் அந்தச் சொல் தானே உணர்த்துகிறது. ஆனால் சேனாநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்து நீரில் வயல் செய்யும் அம்பாறை வாசகர் வார்ப்பணை என்பதைக் கொங்கிறீற்றால் வார்த்த அணைக்கட்டு என்றே வாசிப்பார். அத்தகைய அணை கட்டவும் சட்டர் வேண்டும்; அப்போது வாக்கியம் சிக்கிக்கொள்ளும்.

எனது பரிந்துரை ‘வார்ப்புறை’. கையுறை, தலையணை உறை, வாளின் உறை ஆகிய யாவும் உள்ளிருக்கும் பொருளைத் தொட்டு நின்று, பின்னர் கழற்றப்படுபவை. உறைதல் என்பதற்கு இறுகுதல் என்ற பொருளும் உண்டு. வார்த்தது உறையும்வரை நிற்பது வார்ப்புறை. அதிலிருந்து உறைப்பலகை, இரும்பில் செய்ததற்கு உறைத்தகடு, கழற்றும் வேலைக்கு உறை கழற்றல் எனக் கிளைச்சொற்கள் இயல்பாகப் பிறக்கின்றன. கணியப் பட்டியலில் ‘தள அடி வார்ப்புறை, தொடுபரப்பு 12 சதுர மீற்றர்’ என்றும், கொள்முதல் தாளில் ‘உறைப்பலகை, 12 மில்லிமீற்றர், இத்தனை’ என்றும் எழுதினால் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று கலவா.

தாங்கி நிற்கும் பகுதிக்குத் தனிச்சொல் தேவை. 125 தடிப்புத் தளம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம் ஈரக் கொங்கிறீற்றைக் கொண்டது. அந்தப் பாரம் இறுதியில் முட்டுகளின் வழியே நிலத்துக்கு இறங்குகிறது. கணக்கும் வேறு: பலகையை விலைக்கு வாங்குகிறோம், ஜக்கை நாள் வாடகைக்கு எடுக்கிறோம், ஆகவே அதன் செலவு எண்ணிக்கையையும் நாட்களையும் பெருக்கி வருகிறது. சாரம் என்பது ஆட்கள் ஏறி நின்று வேலை செய்வதற்கு. எங்கள் பக்கத்தில் அது உடுக்கும் சாரமும் ஆகும். முட்டுகளின் அணி என்ற பொருளில் ‘முட்டணி’ என்பதை முன்வைக்கிறேன்.

1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எங்கள் கிழக்குக் கரையின் காரைதீவில் பிறந்தவர். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, விஞ்ஞான ஆசிரியராகவும் பணியாற்றியவர். அவருடைய மண்ணில், 2004 கடற்கோளுக்குப் பின் கரையோரம் முழுவதும் கொங்கிறீற்று வீடுகள் எழுந்தும், அந்த வேலையைத் தமிழில் கணக்கிட்டு எழுத ஒரு சீரான சொற்றொகுதி இல்லாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஆகையால் ஒரு சொல்லை மாத்திரம் தீர்மானித்து நிறுத்தாமல், மேற்சொன்ன ஆறு ஏழு சொற்களையும் ஒன்றாக எடுத்து ஆராயுமாறு வேண்டுகிறேன்.

தளத்தின் உறைப்பலகைக்குக் கீழே இரண்டு அடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் மரங்களுக்கு நான் சொல் எதையும் முன்மொழியவில்லை. பலகையைத் தொடும் மேலடுக்கையும், ஜக்கின் தலையில் அமரும் கீழடுக்கையும் மதிப்பீட்டில் பிரித்தே எழுத வேண்டும். அவற்றின் அளவும் இடைவெளியும் வேறு. காத்தான்குடி, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத் தச்சர்கள் இந்த இரண்டையும் எப்படி வேறுபடுத்திச் சொல்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் எழுதுங்கள். அவர்களிடம் இருக்கும் சொற்களையே தொகுதியில் சேர்ப்போம்.